குழாய்க்குள் பன்னிரண்டு மணி

"பையன் கடலுக்குள்ள குழாய் போடற வேலை பாக்கறான்" என்றுதான் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் பாதிப் பேர் என்னைப் பிளம்பர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா, "மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது, என்னன்னு பாரேன்ப்பா" என்று கிணத்தடிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். (பார்த்தேன். ஃபுட்வால்வ் போயிருந்தது. சரி பண்ணியும் கொடுத்தேன். மானம் முக்கியம் இல்லையா? :-))

உண்மையில் நான் குழாய் போடுகிறவன் இல்லீங்க. கடலடியில் கேஸ் கொண்டு போகிற இரும்புக் குழாய், உள்பக்கமா எத்தனை வருஷத்துல அரிச்சுப் போகும்னு முன்கூட்டியே கணக்குப் போடுறவன். ஜோசியம் மாதிரிதான். கிரகத்துக்குப் பதிலா டெம்பரேச்சர், பிரஷர். ஆபீஸ் ஆணியைப் பத்தி இங்க எழுதுறதில்லைன்னு ஒரு கொள்கை வச்சிருந்தேன். இன்னிக்கு அதை மீறுறேன். இதுல நான் பண்ணின ஒரு தப்பு இருக்கு. பல வருஷமா உள்ளயே கிடந்து உறுத்திக்கிட்டு இருக்கு.

முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். பயப்படாதீங்க, இட்லியில இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.

இட்லி வெந்ததும் குண்டான் மூடியைத் தூக்கிப் பாருங்க. மூடியோட உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கும். கொதிக்கிற தண்ணி அடியில இருக்கு, ஆனா மூடியும் நனைஞ்சிருக்கு. ஆவி மேல போய், ஆறின மூடியில பட்டு, திரும்பத் தண்ணியாகுது. இதே சமாசாரம்தான் கடலடிக் குழாய்லயும். கிணத்துல இருந்து வர்ற கேஸ் சூடா, ஈரமா வரும். அதைப் பிளாட்பார்மிலேயே உலர்த்தி அனுப்பறதுக்குப் பெரிய இயந்திரங்கள் வேணும். சின்னப் பிளாட்பார்ம்கள்ல அதுக்கு இடமும் கிடையாது, காசும் கிடையாது. அதனால ஈரத்தோடயே குழாய்ல விட்டுடுவாங்க. வெளியில கடல் தண்ணி 25 டிகிரி. உள்ள கேஸ் 80 டிகிரி. அப்புறம் என்ன, குழாயோட உள்பக்கம் பூரா வேர்க்க ஆரம்பிச்சுடும்.

பக்கவாட்டுல வேர்த்தது வழிஞ்சு அடியில சேர்ந்து ஓடும். அந்தத் தண்ணியைப் பத்தி யாரும் அவ்வளவா கவலைப்பட மாட்டாங்க. ஏன்னா அதுல மருந்து கலந்திருக்கு. அரிப்பைத் தடுக்கிற இன்ஹிபிட்டர் இருக்கும். குழாய்க்குள்ள பனிக்கட்டி மாதிரி அடைச்சுக்காம இருக்க கிளைக்கால் இருக்கும். கார் ரேடியேட்டர்ல ஊத்துறோமே, அதோட ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கோங்க. இந்த மருந்தெல்லாம் திரவம். திரவம் அடியிலதான் ஓடும்.

மேல்கூரையில தொங்குற சொட்டுக்கு மருந்து எட்டாது.

அந்தச் சொட்டு சுத்தமான தண்ணி. காய்ச்சி வடிச்சதுன்னு சொல்லலாம். சுத்தம்னா நல்லதுதானேன்னு கேட்காதீங்க, அதுதான் ஆபத்து. கேஸ்ல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அந்தச் சொட்டுல கரைஞ்சு அமிலமாகும், சோடா மாதிரி. கிணத்துல இருந்து கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் ஆவியா வரும், அதாவது வினிகர். சோடாவும் வினிகரும் கலந்த ஒரு சொட்டு, மருந்தே இல்லாம, இரும்புல ஒட்டிக்கிட்டுத் தொங்குது. எங்க பாஷையில இதுக்கு டாப் ஆஃப் லைன் கொரோஷன்னு பேரு. நான் கூரை அரிப்புன்னு சொல்லிக்கறேன்.

இது புது வியாதியும் இல்லை. 1960-களிலேயே பிரான்ஸ்ல லாக் என்கிற எரிவாயு வயல்ல கண்டுபிடிச்சுட்டாங்க. அப்புறம் இந்தோனேசியாவுல மகாகம் ஆத்துக் கழிமுகத்துல இருக்கிற துனு வயல், தாய்லாந்து வளைகுடான்னு வரிசையா வந்துச்சு. நம்ம பக்கத்துக் கடல்கள்ல கேஸ் சூடு ஜாஸ்தி, கார்பன் டை ஆக்சைடும் ஜாஸ்தி. கூரை அரிப்புக்கு அல்வா சாப்பிடற மாதிரி.

இப்போ கணக்கு. (கணக்கு அலர்ஜி உள்ளவங்க மூணு பாரா தாண்டிப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.)

80 டிகிரியில தண்ணியோட ஆவி அழுத்தம் 0.47 பார். 30 டிகிரியில 0.042 பார்தான். அப்படின்னா பிளாட்பார்ம்ல கிளம்புறப்போ கேஸ்ல இருந்த ஈரத்துல பதினொண்ணுல பத்துப் பங்கு, 30 டிகிரிக்கு ஆறுறதுக்குள்ள குழாய்க்குள்ளயே விழுந்துடும். விழறதும் சமமா விழாது. 80 டிகிரி கிட்ட ஒரு டிகிரி ஆறினா விழுற தண்ணி, 40 டிகிரி கிட்ட ஒரு டிகிரி ஆறினா விழறதைப் போல அஞ்சு மடங்கு. அதோட, தொடக்கத்துல கடலுக்கும் கேஸுக்கும் 55 டிகிரி வித்தியாசம், 40-க்கு வந்த இடத்துல 15 டிகிரிதான். அதனால தொடக்கத்துல ஆறுற வேகமும் கிட்டத்தட்ட மூணே முக்கால் மடங்கு. ரெண்டையும் பெருக்கினா பதினெட்டு. அதாவது குழாயோட வாசல்ல ஒரு மீட்டருக்கு விழற தண்ணி, பாதி வழியில விழறதைப் போல பதினெட்டு மடங்கு! கூட்டம் எல்லாம் வாசல்லதான்.

சரி, தண்ணி விழுந்தா எவ்வளவு அரிக்கும்? இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். ஒரு சொட்டு இரும்பைக் கரைச்சுக்கிட்டே போகும்போது அதோட வயிறு நிறைஞ்சுடும். அதுக்கு மேல இரும்பைக் கரைக்க முடியாம, கரைச்சதையே இரும்புக் கார்பனேட்டா திரும்பச் சுவர்ல படிய விட்டுடும். அந்தப் படிவு ஒரு தோல் மாதிரி இரும்பை மூடிக் காப்பாத்தும். அதனால சொட்டு மெதுவா வந்தா ஆபத்து கம்மி. வேகமா வந்தா? வயிறு நிறைஞ்ச சொட்டு வழிஞ்சு போயி, பசியோட புதுச் சொட்டு வந்து உட்காரும். பந்தியில இலை எடுக்க எடுக்க அடுத்த ஆள் உட்கார்ற மாதிரி. ஆகக் கடைசியில அரிக்கிற வேகத்தைத் தீர்மானிக்கிறது எத்தனை தண்ணி வருது, ஒவ்வொரு சொட்டும் எவ்வளவு இரும்பு சுமக்கும் என்கிற ரெண்டும்தான்.

நார்வேயில இருக்கிற ஐ.எஃப்.இ ஆய்வகத்துக்காரங்க, நைபோர்க், டக்ஸ்டாட்னு ரெண்டு பேர், 2007-ல இதை ஒரே வரிச் சமன்பாடா எழுதிட்டாங்க. ஒரு சதுர மீட்டர் கூரையில விநாடிக்கு 0.25 கிராம் தண்ணி விழுதுன்னு வைங்க. கேட்கக் கொஞ்சமா இருக்கா? வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட எட்டு டன்! அந்தத் தண்ணி லிட்டருக்கு வெறும் 100 மில்லிகிராம் இரும்பைத் தூக்கிட்டுப் போனாலே வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டர் சுவர் காலி. நிஜத்துல சொட்டு தன் அளவுக்கு மேலயே பல மடங்கு சுமக்கும், கல்யாண வீட்டுல சில பேர் சாப்பிடற மாதிரி. :-) அதையும் அந்தச் சமன்பாடு கணக்குல எடுத்துக்கும். விநாடிக்கு 0.15-ல இருந்து 0.25 கிராம் வரைக்கும் ஒரு எல்லைக்கோடுன்னு எங்க துறையில சொல்வாங்க. அதுக்குக் கீழ இருந்தா பெரும்பாலும் தப்பிச்சோம்.

கணக்கு முடிஞ்சது. இனிமே கதை.

2009. நான் கோலாலம்பூர்ல ஒரு சின்னக் கன்சல்டன்சியில இருந்தேன். பக்கத்துக் கடல் ஒண்ணுல ஒரு கம்பெனி புதுசா குழாய் போடறாங்க. (கடலும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம், விட்டுடுங்க.) கூரை அரிப்பு எவ்வளவு இருக்கும்னு நான் சொல்லணும். அதை வச்சு இரும்பு வாங்குவாங்க. சுவர் கனம் 14.3 மில்லிமீட்டர். அதுல 3 மில்லிமீட்டர் அரிச்சுப் போறதுக்குன்னே எழுதி வச்சது. இருபது வருஷம் தாங்கணும்.

எக்செல்ல உட்கார்ந்து குழாயை ரெண்டு ரெண்டு கிலோமீட்டர் துண்டா வெட்டினேன். ஒவ்வொரு துண்டுக்கும் சூடு எவ்வளவு போகுது, தண்ணி எவ்வளவு விழுது, இரும்பு எவ்வளவு கரையுது. வரைபடத்துல 'குழாய் கடல் மண்ணில் புதைக்கப்படும்'னு ஒரு குறிப்பு இருந்துச்சு. மண்ணு நல்ல கம்பளி மாதிரி, சூட்டை அவ்வளவா வெளிய விடாது. மொத்தத்துக்கும் புதைஞ்சதுன்னே போட்டேன். முதல் துண்டுலயே விநாடிக்கு 0.07 கிராம்தான் வந்துச்சு. எல்லைக்கோட்டுக்கு ரொம்பக் கீழ. அரிப்பு வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டர். இருபது வருஷத்துக்கு ரெண்டு. கையில இருக்கறது மூணு. சுபம்! ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வாழை இலை சாப்பாடு சாப்பிட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு, ரெண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினேன்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணினார். தூத்துக்குடிக்காரர். பிளாட்பார்ம், படகுன்னு கடல்லயே பாதி வாழ்க்கையைக் கழிச்சவர். புதுக் குழாய் வரப்போற அதே பிளாட்பார்ம்ல இருந்து கரைக்குப் பழைய குழாய் ஒண்ணு ஏழு வருஷமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள பிக் விட்டு அளந்த கணக்கு வந்திருந்துச்சு. பிக்னா பன்னியேதான். குழாய்க்குள்ள கேஸ் தள்ளத் தள்ள ஓடிக்கிட்டே, காந்தத்தை வச்சு சுவர்ல எங்க குறைஞ்சிருக்குன்னு எழுதிக்கிட்டு வர்ற யந்திரம். குழாயைக் குறுக்கா வெட்டினா வட்டம் இல்லையா, அதைக் கடிகாரமா வச்சு இடம் சொல்வாங்க. ஆறு மணின்னா அடி. பன்னிரண்டு மணின்னா கூரை.

"தம்பி, பழைய லைன் பிக் ரிப்போர்ட் பாத்தியா?"

"சுருக்கம் பாத்தேண்ணே. மொத்த லைன்லயும் பெரிசா ஒண்ணும் இல்லையே?"

"மொத்தத்தை விடு. மொத நூத்தம்பது மீட்டரை மட்டும் எடு. மணி என்னன்னு பாரு."

எடுத்தேன். பதினொன்றரை. பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டே கால். பன்னிரண்டு. வரிசையா, எறும்பு ஊர்ற மாதிரி குழிகள். ஆழமான குழி நாலு மில்லிமீட்டருக்கு மேல. ஏழு வருஷத்துல நாலு! நான் எழுதிக் கொடுத்தது இருபது வருஷத்துக்கு ரெண்டு.

முதல்ல எனக்கு வந்தது பயம் இல்லீங்க, கோவம். அளந்தது தப்பா இருக்கும்னுதான் மனசு போச்சு. பிக் பொய் சொல்லியிருக்கும், பழைய குழாய்ல கேஸ் வேற, அது இதுன்னு. அண்ணன்கிட்டயும் அதையே சொன்னேன். அவர் ஒண்ணும் வாதாடலை. "தம்பி, அந்த மொத நூத்தம்பது மீட்டர் மண்ணுக்குள்ளயா கெடக்கு? நான் டைவர் எடுத்த வீடியோ பாத்திருக்கேன். அதுக்குக் கீழ மீன் போய்ட்டு வருது" என்றார்.

அவ்வளவுதான். உள்ளங்கை வேர்த்துடுச்சு. ஏசி ரூம்லதான் உட்கார்ந்திருந்தேன்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பிளாட்பார்ம்ல இருந்து கேஸ் ரைசர் வழியா கீழ இறங்கும். அங்க இருந்து பெரிய குழாய் வரைக்கும் வளைவு வளைவா ஒரு துண்டு இருக்கும், ஸ்பூல்னு பேரு. குழாய் சூட்டுல நீளும்போது பிளாட்பார்மைப் பிடிச்சுத் தள்ளிடாம இருக்க அந்த வளைவு. அது அசையணும், அதனால புதைக்க மாட்டாங்க. மேல கனமான கான்கிரீட் உறையும் இருக்காது, மெலிசா ஒரு பூச்சு மட்டும். சுத்தி ஓடற கடல் தண்ணி. கம்பளியே இல்லாம மார்கழிக் குளிர்ல நிக்கிற மாதிரி. அதுவும் எங்க? கேஸ் உச்சச் சூட்டுல இருக்கிற வாசல்ல! குழாய் புதைக்கப்படும்னு வரைபடம் சொன்னது பொய் இல்லை. ஸ்பூல் இன்னொரு வரைபடத்துல இருந்துச்சு. அதை நான் கேட்டு வாங்கலை. கேட்டிருந்தாலும் என் ரெண்டு கிலோமீட்டர் துண்டுக்குள்ள அந்த நூத்தம்பது மீட்டர் கரைஞ்சு காணாமப் போயிருக்கும். சராசரி எடுத்தா எல்லைக்கோட்டுக்குக் கீழதான் வந்திருக்கும், திரும்பவும் சுபம் போட்டிருப்பேன்.

அன்னிக்கு ராத்திரி ஆபீஸ்லயே உட்கார்ந்து ஸ்பூலை மட்டும் அஞ்சஞ்சு மீட்டரா வெட்டித் திரும்பக் கணக்குப் போட்டேன். விநாடிக்கு 0.4 கிராம். அதே நார்வேக்காரங்க சமன்பாடு, அதே இரும்பு அளவு, ஒரு எழுத்து மாத்தலை. அரிப்பு 0.55 வந்துச்சு. ஏழால பெருக்கினா மூணே முக்கால் சொச்சம். பிக் சொன்னதும் அதுக்குப் பக்கத்துலதான். சமன்பாடு முதல் நாள்ல இருந்து சரியாத்தான் இருந்திருக்கு. தப்பான இடத்தைப் பத்திக் கேட்டேன், அந்த இடத்துக்குச் சரியான பதிலைச் சொல்லுச்சு.

தூக்கம் வரலை. வேலை போகுமேங்கிறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஸ்பூல் பிளாட்பார்முக்கு நேர் கீழ இருக்கு. குழாய் நடுக்கடல்ல ஓட்டை ஆனா கேஸ் கொப்பளிச்சு மேல வரும், பணம் போகும், அவ்வளவுதான். வாசல்ல ஓட்டை ஆனா மேல மனுஷங்க தூங்கிக்கிட்டு இருப்பாங்க. 1988-ல பிரிட்டன் பக்கத்து வடகடல்ல பைப்பர் ஆல்பான்னு ஒரு பிளாட்பார்ம் எரிஞ்சு 167 பேர் செத்தாங்க. அது ஆரம்பிச்ச காரணம் வேற, அரிப்பு இல்லை. ஆனா நெருப்பை அணைக்க முடியாதபடி ஆக்கினது பிளாட்பார்மோட இணைஞ்ச கேஸ் குழாய்கள் ஒண்ணொண்ணா வெடிச்சதுதான். எங்க துறையில எல்லாருக்கும் அந்தப் படம் மனப்பாடம். அந்த ராத்திரி எனக்கு வேற எதுவும் கண்ணுல தெரியலை.

காலையில மேனேஜர் ரூமுக்குப் போய் நின்னேன். நார்வேக்காரர், அதிகம் பேச மாட்டார். ரெண்டு பேப்பரையும் மேசையில வச்சு, "இது போன வாரம் நான் அனுப்பினது. தப்பு. இது சரி"ன்னு சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "இரும்பு ஆர்டர் போயிடுச்சா?"ன்னு மட்டும் கேட்டார். போகலை. இன்னும் ஒன்பது நாள் இருந்துச்சு. "அப்போ இது தப்பு இல்லை, திருத்தம்"ன்னு சொல்லிட்டுப் போனை எடுத்தார். மனுஷன் வாழ்க! ஆனா கிளையண்ட் மீட்டிங்ல விளக்கம் சொல்றதுக்கு என்னைத்தான் எழுப்பி நிக்க வச்சார். நாப்பது நிமிஷம். ஒருத்தர் கேட்டார், "அப்போ உங்க மத்த ரிப்போர்ட்டுகளை நாங்க எப்படி நம்பறது?" நியாயமான கேள்வி. பதில் இல்லாம நின்னேன். அப்புறம் மூணு வாரம் என்னோட பழைய ரிப்போர்ட் அத்தனையையும் வேற ஒருத்தர் உட்கார்ந்து சரிபார்த்தார். எனக்கு எதிர் மேசையில, தினமும்.

பழைய குழாய்ல உடனே அழுத்தத்தைக் குறைச்சாங்க. மருந்தை ரெண்டு பிக்குக்கு நடுவுல அடைச்சு அனுப்பினாங்க. நடுவுல இருக்கிற இடம் முழுக்கத் திரவம் ரொம்பி இருக்கறதால அது போற வழியில கூரையிலயும் மருந்து பூசிக்கிட்டே போகும். ஆனா அது நாளாக ஆகக் கழுவிக்கிட்டுப் போயிடும், திரும்பத் திரும்பப் பண்ணணும். ஸ்பூல் ரெண்டு பக்கமும் ஃபிளேஞ்ச் போட்டு முடுக்கினதுதான். அதனால அடுத்த ஷட்டவுன்ல டைவர்கள் இறங்கிக் கழட்டி மாத்திட்டாங்க.

புதுக் குழாய்க்குப் பண்ணினதுதான் சுவாரஸ்யம். ஸ்பூலைச் சுத்திக் கம்பளி போடலாம்னு நான் சொன்னேன். நார்வேக்காரர் தலையாட்டலை. கம்பளி போட்டா தண்ணி விழாம போயிடாது, தள்ளிப் போய் விழும், அவ்வளவுதான்னார். இட்லி மூடியைத் துணியால சுத்தின மாதிரி. ஆவி வேற எங்கயாவது போய்த்தானே ஆகணும்? அதனால நேர் தலைகீழாப் பண்ணினோம். ஸ்பூலுக்கு உள்பக்கம் துருவே பிடிக்காத நிக்கல் உலோகத்தை ஒரு தோலா ஒட்டி, வேணும்னே கடல் தண்ணியில வெட்ட வெளியா விட்டோம். வேர்க்கட்டும். எவ்வளவு வேர்க்கணுமோ அங்கயே வேர்த்து முடிக்கட்டும். அதைத் தாண்டி சாதா இரும்புக்குள்ள நுழையும்போது கேஸ் ஓரளவு ஆறிடும், விழ வேண்டிய தண்ணியில ஒரு பங்கு விழுந்து முடிஞ்சிருக்கும். விலை அதிகம்தான். ஆனா நூத்தம்பது மீட்டருக்கு மட்டும்தானே.

அதுக்கப்புறம் எந்த வேலை வந்தாலும் முதல்ல வரைபடம் கேட்கறதில்லை, டைவர் வீடியோ கேட்கறேன். ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்க, படம் பாக்கறவன்னு. பார்த்துட்டுப் போறேன்.

பழைய ஸ்பூலை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினப்போ மிஞ்சின ஒரு துண்டை, முறையா அனுமதி வாங்கி, அண்ணன் எனக்கு அனுப்பி வச்சார். உள்ளங்கை அகலம். வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. திருப்பினா அம்மைத் தழும்பு. கூடவே ஒரு சீட்டு, 'மணி பன்னிரண்டு' என்று மட்டும்.

ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஓட்டை இரும்புக்கா ரெண்டு நாள் எனக்குப் போன் பண்ணாம இருந்தே?" என்றார். இப்போது அது எங்கள் வீட்டுத் திண்ணையில் தினத்தந்தி பறக்காமல் இருக்க வைக்கிற கல்லாக இருக்கிறது.